திரும்பி வரும் வழியை முதலில் போடு

அன்புள்ள தம்பிக்கு,

ரத்ததானம் செய்பவர்களின் பட்டியல் ஒன்று கூகுள் ஷீட்டில் உன் பொறுப்புக்கு வந்திருக்கிறது, அதை மெயில் அனுப்பும் கருவியோடு இணைத்து நினைவூட்டல் தானாகப் போகும்படி செய்யப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். ஜிப்மர் மருத்துவமனை வாசலில் பொழுது விடியும் முன்பே வெளியூர் பஸ்கள் நோயாளிகளை இறக்கிவிடும் புதுச்சேரி கோரிமேட்டில் இது அவசியமான வேலை. வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மெயில் எதற்கு என்று உன் நண்பர்கள் கேட்கிறார்களாம். குழுவில் எல்லாருடைய எண்ணும் எல்லாருக்கும் தெரியும். ஒருவருக்கு உரிய செய்தி நூறு பேருக்கும் போகும். இன்னாருக்கு இன்ன நாளில் மட்டும் போக வேண்டிய செய்திக்கு மெயில்தான் சரி.

இணைப்பது கடினமில்லை. ஸாப்பியர், மேக் என்று வெளிநாட்டுக் கருவிகள் உண்டு. 1996-ல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நம் ஸோஹோவிடம் ஷீட், மெயில் அனுப்பும் கேம்பெயின்ஸ், இரண்டையும் இணைக்கும் ஃப்ளோ மூன்றுமே இருக்கின்றன. ஒரு பக்கம் ‘ஷீட்டில் புது வரி சேர்ந்தால்’ என்று தேர்ந்தெடுக்கிறாய், மறுபக்கம் ‘பட்டியலில் பெயரைச் சேர்’ என்கிறாய். ஒரு வரி நிரல்கூட எழுதாமல் அரை மணி நேரத்தில் ஓடும். அது ஓடுகிற மகிழ்ச்சியில் பெரும்பாலோர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். நான் உன்னிடம் கேட்பது இதைத்தான்: ஷீட்டிலிருந்து மெயிலுக்குப் போகும் வழியைத் திறப்பதற்கு முன், மெயிலிலிருந்து ஷீட்டுக்குத் திரும்பி வரும் வழியைப் போடு.

ஏன் என்று சொல்கிறேன். ஒருவர் ‘இனி வேண்டாம்’ என்று அன்சப்ஸ்கிரைப் பொத்தானை அழுத்துகிறார். மெயில் கருவி அதைக் குறித்துக்கொள்கிறது. ஷீட்டுக்கு அது தெரியாது, அங்கே அவர் பழையபடியே இருக்கிறார். ஆறு மாதம் கழித்து குழுவில் யாரோ அவருடைய போன் எண்ணைத் திருத்துகிறார்கள். ‘வரி மாறினால்’ என்று நீ டிரிக்கர் வைத்திருந்தால் அவர் பெயர் மறுபடி மெயில் பக்கம் தள்ளப்படும். சில கருவிகள் இதைத் தடுக்கும், சில தடுக்காது. கருவியையே மாற்றி, புதியதில் ஷீட்டை அப்படியே ஏற்றினால் தடுப்பதற்கு எதுவுமே இல்லை. வேண்டாம் என்று சொன்னவருக்கு மீண்டும் மெயில் போகும். இம்முறை அவர் அன்சப்ஸ்கிரைப்பைத் தேட மாட்டார், ஸ்பேம் என்று அழுத்துவார். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர்கள் ஸ்பேம் புகாரை 0.3 சதவீதத்துக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்பது 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயில் வைத்திருக்கும் விதி. நீ அவ்வளவு அனுப்பப்போவதில்லை. ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்: 200 பேரில் ஒருவர் அழுத்தினாலே 0.5 சதவீதம். அதன் பலனை அனுபவிப்பது நீ அல்ல. உன் மெயில் ஸ்பேம் பெட்டிக்குள் விழுந்து, அழைப்பைப் பார்க்காமலே போகும் கொடையாளரும், அவருடைய ரத்தத்துக்காகக் காத்திருக்கும் நோயாளியும்தான்.

ஆகவே இரண்டாவது இணைப்பு ஒன்று செய். கருவியில் ஒருவர் விலகினால், மெயில் முகவரியை வைத்து ஷீட்டில் அவருடைய வரியைத் தேடி, ‘நிலை’ என்ற நெடுவரிசையில் ‘நிறுத்தினார்’ என்று எழுதட்டும். முகவரி செத்துப்போய் மெயில் திரும்பி வந்தாலும் அப்படியே எழுதட்டும். முதல் இணைப்பில் ஒரு வடிகட்டி வை: நிலை ‘சம்மதம்’ என்று இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும். சம்மதித்த தேதிக்கு ஒரு நெடுவரிசை, கடைசியாக மெயில் போன தேதிக்கு ஒன்று. பின்னது இல்லாவிட்டால் ஒரே ஆளுக்கு ஒரே நினைவூட்டல் மூன்று முறை போகும். சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்று 2023-ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் செய்ய வேண்டியது அதுதான்.

அடுத்து தேதி. உன் வேலையின் உயிரே அதில் இருக்கிறது. முழு ரத்தம் கொடுத்த ஆண் 90 நாளும் பெண் 120 நாளும் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். ஷீட்டில் கூட்டல் போட்டால் அடுத்த தேதி வந்துவிடும் என்று நினைப்பாய். ஷீட்டின் லொகேல் (நாட்டு அமைப்பு) அமெரிக்கா என்று இருந்தால், ஏப்ரல் 3 என்று நினைத்து நீ அடித்த 03/04-ஐ அது மார்ச் 4 என்று எடுத்துக்கொள்ளும். 30 நாள் முன்னதாகவே ஒருவரை ரத்தம் கொடுக்கக் கூப்பிட்டுவிடுவாய். 15/04 என்று அடித்தாலோ, பதினைந்தாம் மாதம் கிடையாது என்பதால் அதைத் தேதியாகவே ஏற்காது. கூட்டல் பிழை காட்டும், அவருக்கு அழைப்பே போகாது. லொகேலை இந்தியா என்று மாற்றிவிட்டு வேலையைத் தொடங்கு. எக்செல் மனித மரபணுக்களின் பெயர்களைக்கூட இப்படித் தேதியாக மாற்றிக் கட்டுரைகளைக் கெடுத்ததால், 2020 வாக்கில் மரபணுப் பெயர்க் குழு சில பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று. ஜிப்மர் ஆய்வுக்கூட நண்பர்களைக் கேட்டுப் பார், சொல்வார்கள்.

பெயரிலும் கவனம் வேண்டும். இந்தக் கருவிகள் முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டாகப் பிரிக்கும். எஸ். கலைச்செல்வியை அவை ‘அன்புள்ள எஸ்’ என்று அழைத்துவிடும். புதுச்சேரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1881-ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி நம் வழக்காற்றுச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அப்படித்தான் பொன்னுத்தம்பிப் பிள்ளை என்பவர் லாபோர்த் ஆனார். இன்றும் அந்தப் பெயர்கள் வழங்குகின்றன. ‘உ’ ஓசைக்கு பிரெஞ்சு முறையில் இரண்டு உயிரெழுத்து போட்டு எழுதும் முருகனும், ஆங்கில முறையில் எழுதும் முருகனும் ஒரே ஆளாக இருக்கலாம். பெயரை வைத்து ஆளை அடையாளம் காணாதே, மெயில் முகவரியை வை. ‘எப்படி அழைக்கலாம்?’ என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டு, அதற்குத் தனி நெடுவரிசை கொடு. தங்கள் பெயரை எப்படிச் சொல்ல வேண்டும் என்று மனிதர்களிடமே கேட்பதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

பழைய பட்டியலில் பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்த தமிழ் இருந்தால் முதலில் யூனிகோடாக மாற்றிவிடு, இல்லாவிட்டால் மெயிலில் கிறுக்கலாகப் போகும். அனுப்புநர் முகவரியாக ஜிமெயிலைக் கொடுத்துக் கருவி வழியே அனுப்பாதே. குழுவுக்கென ஒரு டொமைன் வாங்கி, மெயில் உண்மையில் உங்கள் குழுவிடமிருந்துதான் வருகிறது என்று காட்ட, கருவி கேட்கும் எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகளைப் போடு.

ஷீட்டில் இருப்பதெல்லாம் மெயில் கருவிக்குப் போகக் கூடாது. அழைக்கும் பெயர், முகவரி, அடுத்த தேதி, இந்த மூன்று போதும். ரத்த வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை ஷீட்டிலேயே முடித்துக்கொள். பரிசோதனையில் ஏதோ தெரிந்ததால் ஒருவரை ரத்தம் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தியிருந்தால், அந்தக் காரணம் ஷீட்டில்கூட இருக்கக் கூடாது. அது அவருக்கும் மருத்துவருக்கும் நடுவில் உள்ளது. ‘நிலை’ நெடுவரிசையில் ‘நிறுத்தம்’ என்ற ஒரு சொல்லோடு விடு.

ஓடத் தொடங்கிய பிறகு ஷீட்டின் நடுவில் வரி நுழைக்காதே, வரிசை மாற்றி அடுக்காதே, தலைப்பைத் திருத்தாதே; இணைப்பு அறுந்துவிடும். குழுவில் ஷீட்டைத் தொடும் எல்லாருக்கும் இதைச் சொல். இணைப்பை உன் சொந்தக் கணக்கில் வைக்காமல் குழுவின் பொதுக் கணக்கில் வை. நாளை உனக்குச் சென்னையில் வேலை கிடைத்து, உன் கணக்கின் அனுமதியை நீக்கிவிட்டு நீ போய்விட்டால் நினைவூட்டல்கள் சத்தமில்லாமல் நின்றுபோகும், யாருக்கும் தெரியாது. பிழை அறிவிப்பு இரண்டு பேருக்குப் போகட்டும். எது எதோடு இணைந்திருக்கிறது என்று ஒரு பக்கம் தமிழில் எழுதி, ஷீட்டின் முதல் தாளிலேயே ஒட்டிவை.

முதலில் உன் சொந்த முகவரிகள் சிலவற்றை மட்டும் வைத்து ஓட்டிப் பார். ஒன்றில் பிரெஞ்சு எழுத்துமுறைப் பெயர், ஒன்றில் தமிழ்ப் பெயர், ஒன்று விலகியவர். விலகியவருடைய வரியைத் திருத்திப் பார்; அவருக்கு மெயில் போகக் கூடாது. போகவில்லை என்றால் மற்றவர்களைச் சேர்க்கத் தொடங்கலாம். சந்தேகம் இருந்தால் ஷீட்டின் தலைப்பு வரியை மட்டும் எனக்கு அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன். ஆட்களின் விவரம் உள்ள வரிகளை அனுப்ப வேண்டாம்.

அன்புடன்,
உன் அண்ணன்