முயலுக்கும் கினிப்பன்றிக்கும் துணைத் தீனி

முயலும் கினிப்பன்றியும் பட்டினியால் மட்டுமன்று, வீட்டார் அன்புடன் ஊட்டும் வெல்லம், ரொட்டி, சோறு முதலியவற்றாலும் மடிவதுண்டு. இவற்றின் குருட்டுக்குடலில் வாழும் நுண்ணுயிர்களே புல்லின் நாரைப் பக்குவஞ் செய்கின்றன. மாவும் சர்க்கரையும் மிகுந்தால் அந்நிலை கெட்டு, வயிறு உப்பிக் கழிச்சல் காணும். வாந்தியெடுக்கும் சக்தியும் முயலுக்கு இல்லை. அன்றியும், இவற்றின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. நாருள்ள தீனியை மென்றாலன்றி அவை தேயா. ஆகையால் உலர்ந்த புல் எந்நேரமும் கூண்டில் இருத்தல் வேண்டும்.

துணைத் தீனியாகக் கொத்தமல்லித் தழை, முள்ளங்கி இலை, அறுகம்புல் ஆகியவற்றைக் கழுவி, ஈரம் வடித்து, சிறிது சிறிதாகப் பழக்கலாம். காரட்டு ஒரு சிறு துண்டு போதும். குதிரைமசால் குட்டிகளுக்கும் பாலூட்டும் தாய்க்கும் நன்று. வளர்ந்தவற்றிற்கு அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். சூபாபுல் தழையிலுள்ள மைமோசின் என்னும் நஞ்சு ரோமத்தை உதிர்க்கும்.

முயல் வைட்டமின் சி என்னும் சத்தைத் தன் உடலிலேயே உண்டாக்கிக்கொள்ளும். கினிப்பன்றிக்கு அது இயலாது. தானியமே தின்ற கினிப்பன்றிகளுக்கு ஸ்கர்வி நோய் காண்பதை நார்வே தேசத்து ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்னும் இருவர் 1907-ல் வெளியிட்டனர். ஆகவே அதற்குக் குடைமிளகாய்த் துண்டு தினந்தோறும் அவசியம். கொய்யா எப்போதாவது சிறிது தரலாம். அச்சத்து மருந்தைத் தண்ணீரில் கலந்து வைத்தால் சீக்கிரம் வீரியம் குன்றும்.

முயல் தன் மென்மையான எச்சத்தைத் தானே தின்பது இயல்பு, அதைத் தடுத்தலாகாது. அரைநாள் தீனி தொடாது, புழுக்கையும் இடாதிருந்தால், உடனே கால்நடை வைத்தியரிடம் காட்டுக.