நெல் விதையின் உறக்கமும் கதிரிலேயே முளைத்தலும்

தஞ்சைப் பகுதியில் குறுவை அறுவடையாகும் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் விடாமழை பெய்யுமாயின், சாய்ந்து நீரில் கிடக்கும் கதிர்களிலேயே நெல் முளைத்து விடுவதை மிராசுதார்கள் நன்கறிவார்கள். அத்தகைய நெல் விதைக்கும் உதவாது. அரைத்தால் நொய்யே மிகும். ஆயினும், அதே மழையில் நனைந்து சாய்ந்த வேறொரு ரகம் அடுத்த வயலில் முளையாதிருப்பதும் உண்டு.

இவ்வேற்றுமைக்கு முதன்மையான காரணம் விதையின் உறக்கமாகும். மணி முற்றுங்காலத்தில் அதனுள் அப்சிசிக் அமிலம் என்னும் ஹார்மோன் சேர்ந்து, முளைக்கருவை வளரவொட்டாமல் தடுக்கிறது. இதற்கு எதிரிடையானது ஜிப்பரெல்லின். ஜப்பானில் நெல் நாற்றுக்களை அளவு மீறி நெட்டையாக்கும் நோயை ஆராய்ந்த குரோசாவா, அந்நோய்க்குரிய பூஞ்சணம் வெளியிடும் ஒரு பொருளே அவ்வாறு செய்கிறதென 1926-ல் காட்டினார். 1935-ல் யபுதா அதற்கு இப்பெயரிட்டார். பயிர்களும் இப்பொருளைத் தாமே உண்டாக்குகின்றன என்பது பின்னரே தெளிவாயிற்று. விதை நீரை உறிஞ்சியதும் ஜிப்பரெல்லின் முளைக்கருவினின்று தவிட்டுப் படையை அடைகிறது. அங்கு அமிலேஸ் என்னும் நொதி சுரந்து மாவைச் சர்க்கரையாக்க, அதனையுண்டு முளை எழும்புகிறது. ஆகவே ஈரம் மாத்திரம் போதாது. தடுக்கும் பொருளின் வலிமையும் குன்றியிருத்தல் வேண்டும்.

மழையில் காக்கும் இவ்வுறக்கமே விதைப்பில் இடையூறாவதும் உண்டு. புது நெல்லை உடனே விதைத்து, நாற்றங்கால் திட்டுத்திட்டாக முளைக்கக் கண்டு, விதை கொடுத்தவரை நோவது வழக்கம். விதை கெட்டதன்று, உறங்குகிறது. நன்கு உலர்த்திச் சேமித்தால் சில வாரங்களில் உறக்கம் தானே தெளியும். அவசரமாயின், 50 டிகிரி சென்டிகிரேடு உலர்ந்த வெப்பத்தில் ஐந்து நாள் வைத்துத் தெளியச் செய்வது சோதனைச்சாலை முறை. விதைக்குமுன் 100 மணிகளை ஈரச்சாக்கில் சுற்றி வைத்துப் பார்த்தல் நலம். 80-க்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கலாம். முளையாதவற்றை நசுக்கிப் பார்க்க, கெட்டியாயிருப்பவை பெரும்பாலும் உறங்குபவை. குழைந்து பூஞ்சணம் பிடித்தவை இறந்தவை.

மழை தொடருமாயின் முதலில் நீரை வடித்து, சாய்ந்த பகுதியை முந்தி அறுத்தல் வேண்டும். ஈரக்கதிரைப் போராகக் குவித்தல் ஆகாது. போரின் வெப்பத்தில் முளைத்தலும் நிறம் கெடுதலும் விரையும். பயிர்ச்சேதம் பதியும் கிராம அதிகாரிகள் ரகத்தின் பெயரையும் உடன் குறித்தல் அவசியம். ஒரே மழைக்கு இரு வயல்களின் இழப்பு வேறுபடக் கண்டு, அதிகம் சொல்லும் உழவரை ஐயுறுவதற்கு அப்போது இடமிராது.