அயர்லாந்துப் பாட்டுக் கேட்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

வவுனியாவிலிருந்து நீர் எழுதியது கிடைத்தது. இரவிரவாக அயர்லாந்து நாட்டுப்பாடல் கேட்கிறீராம். பாசை விளங்காமலே நெஞ்சைப் பிசைகிறதாம். நல்லது. "எங்களிட்டை இப்பிடி ஒண்டும் இல்லையே" என்று முடித்திருக்கிறீர் பாரும், அதற்குத்தான் இந்தக் கடிதம்.

பக்கவாத்தியம் இல்லாத அந்த ஒற்றைக்குரல் பாட்டை 'ஷான்-நோஸ்' என்பார்கள். அதிலே தாளத்தைத் தேடாதேயும். குரல் எந்தச் சொல்லில் சுழிக்கிறது என்று கவனியும். செத்தவீட்டில் பெண்கள் பாடி அழும் வழக்கமும் அங்கே இருந்தது. 1773இல் ஆர்ட் ஓலியரி சுட்டுக்கொல்லப்பட்டபோது மனைவி ஐலீன் பாடியதாக வரும் புலம்பல், வாய்வழியாகவே பிழைத்து இன்று அவர்களுடைய பேரிலக்கியம்.

வன்னியில் வேலப்பணிக்கன் பெண்சாதி அரியாத்தை பேரில் ஓர் ஒப்பாரி இருக்கிறது. பணிக்கர் யானை பிடிக்கிறவர்கள். ஆண்கள் தயங்கிய கொம்பனை அரியாத்தை பிடித்துக் கட்டினாள். பொறாமைக்காரர் நஞ்சூட்டிக் கொன்றார்கள். ஐலீன் பாடியது கணவனின் வீரத்தை. இங்கே வீரமும் சாவும் பெண்ணுடையவை. என்னைக் கேட்டால் எங்களுடையது ஒரு படி மேல்.

அரிவிச் சிந்து, குருவிச் சிந்து, பன்றிப் பள்ளு என்று இன்னும் இருக்கின்றன. வயலை அழிக்கிற குருவிக்கும் பன்றிக்கும்கூடப் பாட்டு!

சூடு மிதிக்கிற இரவை நினைத்துப் பாரும். காலபோக நெல்லை அரிந்து, காயவிட்டு, கட்டிச் சுமந்து, களத்தில் சூடு வைத்தாயிற்று. நிலவில் பிணைத்த மாடுகள் சுற்றிச் சுற்றி வரும். பின்னால் நடக்கிறவர் 'பொலி, பொலி' என்று இழுத்துப் பாடுவார். மாட்டின் நடைதான் தாளம். பாடுகிறவர் கண்ணயர்ந்தால் மாடும் நின்றுவிடும். ஆகவே விடியும்வரை பாட்டு ஓயாது. இன்று மெசின் வயலிலேயே வெட்டி அடித்து நெல்லைத் தந்துவிடுகிறது. குற்றமில்லை, முதுகு தப்பியது. பாட்டுக்குத்தான் வேலை போயிற்று.

அயர்லாந்திலும் பழசு அழியத்தான் பார்த்தது. சிக்காகோ பொலிஸ் தலைவராக இருந்த பிரான்சிஸ் ஓநீல், தன்னைப்போலப் புலம்பெயர்ந்தவர்களிடம் மெட்டுகளைத் தேடி, 1903இல் 1,850 மெட்டுகளை நூலாக்கினார். அவற்றை இசைக்குறிப்பாக எழுதித் தந்தவர் ஜேம்ஸ் ஓநீல் என்ற இன்னொரு பொலிஸ்காரர்.

எங்களுக்கு செ. மெற்றாஸ்மயில் 'வன்னிவள நாட்டுப் பாடல்கள்' தொகுத்துத் தந்தார். சொல் தப்பியது. மெட்டு இன்னும் கிழவர்களின் தொண்டையில்தான்.

உம்முடைய கையில் போன் இருக்கிறது. முள்ளியவளை, ஒட்டுசுட்டான் பக்கம் போம். "பாட்டுப் பாடுங்கோ" என்றால் வெட்கப்படுவார்கள். "சூடு மிதிக்கேக்கை மாட்டை என்ன சொல்லிக் கலைச்சனீங்கள்?" என்று கேளும், தானாக வரும். ஒப்பாரியை மட்டும் வற்புறுத்திக் கேட்காதேயும். 2009 போரில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு ஓடியவர்கள் அங்கே இருக்கிறார்கள்.

பாடியவர் பெயர், ஊர், திகதி மூன்றையும் மறக்காமல் பதியும். ஒரு பிரதி, எங்கள் ஆவணங்களைச் சேர்த்துக் காக்கிற நூலக நிறுவனத்துக்குப் போகட்டும். ஒன்று எனக்கும் வரட்டும்.

அன்புடன்,
அண்ணன்