தொட்டிலும் துயிலும்

"தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்பது நம் நாட்டுப் பழமொழி. இளமையிற் பற்றிய பழக்கத்தின் உறுதியை அது உரைக்கின்றது. ஆயின், அப்பழக்கம் வேரூன்ற வேண்டிய குழவி முதற்கண் தொட்டிலினின்று நலமே இறங்குதல் வேண்டுமன்றோ? தாலாட்டின் நயத்தைப் பற்றி நாம் வகுப்பிற் பன்னாள் பேசியதுண்டு. தாலாட்டு ஓய்ந்தபின், விளக்கணைந்த அறையில், குழவி எவ்வாறு கிடக்கின்றது, எதன்மேற் கிடக்கின்றது, அதன் முகத்தருகே கிடப்பது யாது என்பதைப் பற்றி ஒரு நாளும் பேசினோமில்லை.

சென்ற கோடை விடுமுறையில் என் அக்காள் தலைப்பிள்ளை பெற்றுத் தாய்வீட்டில் இருந்தாள். பரணில் கிடந்த பழைய மரத்தொட்டிலை இறக்கித் துடைக்கும் பணி எனக்கு வாய்த்தது. அக்காளும் நானும் வளர்ந்த தொட்டில் அது. எங்கள் ஆச்சி, கடுகு நிரப்பிய சிறு தலையணை ஒன்றும், இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும், நான்கு பக்கமும் சாத்துதற்குத் திண்டுகளும் தம் கையாலேயே தைத்து வைத்திருந்தார். குழவியைக் காண வந்த செவிலியார் தொட்டிலை நோக்கி, "இவற்றுள் ஒன்றும் வேண்டா, எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள்" என்றார். ஆச்சியின் முகம் வாடிற்று. செவிலியார் சொல்லின் காரணத்தை அறிய விரும்பிக் கற்றவையே இக்கட்டுரையாயின. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் இளந்தந்தையரும் பாட்டன்மாரும் பலராதலின், இது பயனின்றிப் போகாது என நம்புகின்றேன்.

1. கிடத்தும் முறை

குழவியை மல்லாக்கக் கிடத்தித் துயிலச்செய்க. பகலாயினும் இரவாயினும், சிறு துயிலாயினும் நெடுந்துயிலாயினும் இதுவே முறை. முதல் ஓராண்டு இம்முறை பிறழாது காத்தல் வேண்டும்.

இதனை அறிய மேனாட்டார் கொடுத்த விலை பெரிது. நலமாயிருந்த குழவி இரவில் ஓசையின்றி இறந்துகிடக்கும் துயரத்தை ஆங்கிலேயர் "தொட்டிற் சாவு" என்ற பெயரால் வழங்கினர். மல்லாக்கக் கிடக்கும் குழவி பால் கக்கினால் மூச்சடைக்கும் என்று அஞ்சிய மருத்துவர் பலர், குப்புறக் கிடத்துமாறு தாய்மார்க்கு அறிவுறுத்தினர். உலகெங்கும் விற்பனையான பெஞ்சமின் ஸ்பாக் என்னும் அமெரிக்க மருத்துவரின் குழந்தை வளர்ப்பு நூலும், 1950களில் வெளிவந்த பதிப்பு முதலாகப் பல்லாண்டு இவ்வாறே கூறிற்று. 1980களின் இறுதியில் நெதர்லாந்து, நியூசிலாந்து, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் ஆராய்ந்தோர், இறந்த குழவிகளிற் பெரும்பாலன குப்புறக் கிடத்தப்பட்டவை எனக் கண்டனர். 1991இல் பிரிட்டனிலும், 1994இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும், மல்லாக்கக் கிடத்துமாறு நாடு முழுதும் பறைசாற்றினர். அமெரிக்காவில் 1992இல் ஆயிரம் பிறப்புக்கு 1.2ஆக இருந்த தொட்டிற் சாவு, 2001இல் 0.56ஆகக் குறைந்தது. புதிய மருந்தோ கருவியோ இதனைச் செய்யவில்லை. குழவியைத் திருப்பிக் கிடத்தியதே செய்தது.

இதனினும் நெஞ்சைச் சுடுவது ஒன்றுண்டு. 1970க்குள் வெளிவந்திருந்த ஆராய்ச்சிகளை எவரேனும் ஒருங்கே தொகுத்து நோக்கியிருப்பின் இவ்வுண்மை அன்றே புலப்பட்டிருக்கும் என்றும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய இடங்களில் ஐம்பதினாயிரத்துக்குக் குறையாத குழவிகள் பிழைத்திருக்கக் கூடும் என்றும் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. சான்றுகள் ஏட்டில் இருந்தன; தொகுத்துப் படிப்பாரில்லை. கற்போராகிய நாம் இதனை மறத்தலாகாது.

மல்லாக்கக் கிடந்தால் மூச்சடைக்குமோ எனின், அடைக்காது. மூச்சுக்குழல் முன்னும் உணவுக்குழல் அதன் பின்னும் அமைந்திருத்தலின், மல்லாந்து கிடக்கும் குழவிக்கு மூச்சுக்குழல் மேலும் உணவுக்குழல் கீழுமாக நிற்கின்றன. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழலிற் புகாது, உணவுக்குழல் வழியே மீண்டும் இறங்கும். குப்புறக் கிடப்பின் இந்நிலை தலைகீழாகும். அன்றியும், மெல்லணையிற் குப்புறக் கிடக்கும் குழவி, தான் வெளிவிட்ட கரியமில வாயுவையே மீட்டும் மீட்டும் உள்ளிழுக்கின்றது. முகத்தைத் திருப்பவோ விழித்து அழவோ வலியில்லாத பசுங்குழவி அவ்வாறே அயர்ந்துபோகின்றது.

ஆச்சியிடம் இதனைச் சொன்னபோது, "நாங்கள் எந்நாளும் பிள்ளையை மல்லாக்கத்தானே கிடத்தினோம்" என்றார். உண்மையே. மேனாட்டுப் புத்தகங்கள் பிழைபட்டுக் கிடந்த நாளிலும் எழுத்தறியாத நம் பாட்டிமார் இதிற் பிழைபட்டாரல்லர்.

2. தொட்டிலின் அமைப்பு

மரத்தொட்டிலில் முதற்கண் நோக்கத்தக்கது கம்பிகளின் இடைவெளி. அமெரிக்க விதி 1970கள் தொட்டே இவ்விடைவெளி ஏறத்தாழ 6 சென்டிமீட்டருக்கு மிகலாகாது என்கின்றது. குழவியின் உடல் சிறிது, தலை பெரிது. அகன்ற இடைவெளியிற் கால்களும் உடலும் நழுவிப் புறத்தே தொங்க, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். எங்கள் தொட்டிலின் இடைவெளியில் என் கைம்முட்டி தடையின்றி நுழைந்தது. தச்சரை அழைத்து ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு கம்பி கூட்டினோம். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் கலந்திருக்கக் கூடும். அதனைக் குழவி கடித்து விழுங்கினால் நஞ்சாம். ஆதலின், புகுபெண்ணும் பிள்ளையும் இல்லாத இடத்தில் அதனை ஈரப்படுத்திச் சுரண்டி நீக்கினோம். ஆடும் இணைப்புகளையும், துருத்திய ஆணிகளையும் செப்பஞ்செய்தோம். ஒரு பக்கத்தை ஏற்றி இறக்கும் தொட்டில்கள், பூட்டு நழுவிக் குழவிகள் இடுக்குண்டு இறந்தமையால் 2011இல் அமெரிக்காவில் விலக்கப்பட்டன. ஆகவே அத்தகைய பழந்தொட்டில் கிடைப்பினும் கொள்ளற்க.

மெத்தை உறுதியானதாயிருத்தல் வேண்டும். கையால் அழுத்திக் கையை எடுத்தால் குழி நில்லாது நிமிர்வதே தக்க மெத்தை. இலவம்பஞ்சு மென்மையிற் சிறந்ததாயினும், அம்மென்மையே குழவிக்குப் பகை. மெத்தைக்கும் தொட்டிலின் பக்கத்துக்கும் நடுவே இரு விரல் நுழையும் இடமும் இருத்தலாகாது. விரிப்பு இழுத்துச் செருகப்பட்டுச் சுருக்கமின்றி இருக்க வேண்டும். மெத்தை சமதளமாகவும் கிடத்தல் வேண்டும்; தலைப்பக்கம் உயர்த்தினால் குழவி சரிந்து, மோவாய் மார்பில் அழுந்தி மூச்சு நெருக்குண்ணும்.

3. தொட்டிலினுள் ஆகாதன

தலையணை, திண்டு, தடித்த போர்வை, பஞ்சடைத்த பொம்மை ஆகியவை முதலாண்டில் தொட்டிலினுள் ஆகா. பக்கத்திண்டுகள் குழவியின் தலை மோதாமற் காக்கும் என்று கருதுவர். மோதுவதால் உண்டாகும் வீக்கம் சிறிது. திண்டில் முகம் புதைவதால் வரும் கேடு பெரிது. 2022இல் அமெரிக்கா பஞ்சுத் திண்டுகளின் விற்பனையைச் சட்டத்தால் விலக்கியது.

கடுகுத் தலையணை தலையை உருண்டையாக்கும் என்பது நம் நாட்டார் கொள்கை. அது கழுத்தை முன்தள்ளி மூச்சை நெருக்கும். தையல் பிரிந்தாற் கடுகு மூக்கிலும் வாயிலும் புகும். தலை தட்டையாகாமைக்கு வேறு வழியுண்டு. ஒரு நாள் வலப்புறமும் மறுநாள் இடப்புறமும் தலை சாயுமாறு மாற்றிக் கிடத்துக. குழவி விழித்திருக்கையில், ஒருவர் அருகிருந்து பார்க்க, சிறிது நேரம் அதனைக் குப்புற விடுக. கழுத்தும் தோளும் வலிமை பெறும், தலையும் வடிவுறும்.

கழுத்திற் கட்டும் கயிறு, சங்கிலி, மணி முதலியவற்றைத் துயிலும்போது கழற்றிவிடுக. கொசுவலையை முகத்தின்மேல் வீழாது இழுத்துக் கட்டுக. புகையிலைப்புகை குழவிக்குக் கொடியது; சாம்பிராணிப்புகையும் அதன் இளமூச்சுக்கு ஆகாது. நம் வெப்பநாட்டில் குல்லாயும் கம்பளியுமாகப் பொதிதல் வேண்டா. பெரியோர் உடுப்பதினும் ஓர் ஆடை மிகுதியாக இருப்பின் போதும். சூடு மிகுந்ததோ என அறியக் கைகால்களைத் தொடாது, மார்பையோ பிடரியையோ தொட்டுப் பார்க்க.

4. துணித்தொட்டில்

தூளி என்றும் ஏணை என்றும் வழங்கும் துணித்தொட்டில் நம் எளியோரின் செல்வம். ஒரு பழஞ்சேலையும் ஓர் உத்திரமும் போதும். எறும்பும் தேளும் ஈரத்தரையும் அணுகா. வயலில் வேலைசெய்யும் தாய் மரக்கிளையிலும் கட்டுவாள். இதனை இகழ்தல் தகாது. ஆயினும் அது குழவியை வில்போல் வளைக்கின்றது. துணி முகத்தருகே கூடுகின்றது. பிறந்த அண்மையிலும், ஒருவரும் பாராத நெடுந்துயிலுக்கும் அது தக்கதன்று. பகலில், கண்பார்வையில், குறுக்குக்கட்டையால் துணியை அகல விரித்து, தரைக்கு அண்மையில் தாழக் கட்டுக. குழவியை எடுத்தவுடன் துணியைச் சுருட்டி மேலே முடிந்துவிடுக. தொங்கும் தூளியிற் சுழன்று விளையாடிய சிறார் கழுத்து இறுகி இறந்த செய்தியை நாளிதழ்களிற் காண்கின்றோம்.

பருவம் நோக்குதலும் வேண்டும். பிள்ளைத்தமிழ் நூலார் பத்துப் பருவம் வகுத்து, ஐந்தாந் திங்களைச் செங்கீரைக்கு உரியதாக்கினர். குழவி கைகளை ஊன்றித் தலைநிமிர்த்தி ஆடும் பருவம் அது. புலவர்க்குப் பாடற்பொருளான அவ்வசைவே தாய்க்கு எச்சரிக்கை. குழவி புரளவும் கையூன்றி எழவும் முயலத் தொடங்கினால், செங்கீரைத் திங்கள் வரும்வரை காத்திராது தூளியை நிறுத்துக. துணியால் இறுகச் சுற்றுதலையும் நிறுத்துக. எழுந்து அமரும்போது மரத்தொட்டிலின் மெத்தையைத் தாழ்த்துக. ஏறி இறங்க முயலும்போது தொட்டிலையே விடுக.

5. தாயின் அருகு

குழவி தாயின் அறையிலேயே, கையெட்டும் அண்மையில், ஆனால் தனிப்படுக்கையில், ஆறு திங்களேனும் துயிலுதல் நன்று என்பர் மருத்துவர். ஒரே பாயிற் படுக்கும் இல்லங்கள் நம் நாட்டிற் பல. அங்குக் குழவியைத் தலையணைகளுக்கு எட்டத்தில், உறுதியான பாயில், பிற பிள்ளைகளுக்கு நடுவே அன்றித் தாயின் பக்கத்தே மட்டும் கிடத்துக. மது அருந்தியவரும், புகைபிடிப்பவரும், உறக்க மருந்து உண்டவரும் உடன் படுத்தலாகாது. மெத்தென்ற சாய்வு நாற்காலியிற் பால் கொடுத்தவாறே கண்ணயர்தல் எல்லாவற்றினும் கேடானது.

துயிலிற் பிள்ளைமேற் புரண்ட தாயின் கதை மிகப் பழையது. சாலொமோன் அரசன்முன் வழக்காடிய இரு பெண்டிரின் வரலாறு அதனின்றே தொடங்குகின்றது. அரசனின் அறிவை வியந்து படிக்கும் நாம், அவ்விரவில் இறந்த குழவியை எண்ணுவதில்லை.

எங்கள் ஆச்சி எண்ணினார். இவற்றை எல்லாம் நான் படித்துச் சொல்லிய மாலையில், அவர் நெடுநேரம் பேசாதிருந்து, தமக்கு முதலிற் பிறந்த மகன் மூன்றாம் மாதத்தில் ஓர் இரவு தம் அருகே இறந்துகிடந்ததைக் கூறினார். வீட்டில் எவரும் அதனை முன்பு கேட்டதில்லை. "நீதான் புரண்டு கொன்றாய் என்று ஊரார் சொன்னார்கள். ஐம்பது ஆண்டாக நானும் அப்படியே எண்ணியிருக்கிறேன்" என்றார். அன்று நிகழ்ந்தது இன்னதென்று இன்று எவராலும் சொல்லுதல் இயலாது. ஒரு குற்றமும் செய்யாத தாயரின் அருகிலும் குழவிகள் காரணம் விளங்காது இறந்ததுண்டு என்பதை மட்டும் சொன்னேன். அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று, கடுகுத் தலையணையைத் தாமே பிரித்துக் கடுகை அஞ்சறைப் பெட்டியில் கொட்டினார்.

வெறுந்தொட்டிலை ஆட்டலாகாது என்பர் நம் முதியோர். அன்பு தொட்டிலை நிரப்பவே விரும்பும், அஃது இயல்பு. ஆயின், உறுதியான மெத்தையும், இழுத்த விரிப்பும், மல்லாந்த குழவியும் அன்றி வேறொன்றும் இல்லாத தொட்டிலே காவலுடைய தொட்டில். அன்பர்களே, நும் இல்லத்தில் தொட்டில் ஆடுமாயின், இன்றிரவு விளக்கணைக்குமுன் ஒருமுறை உள்ளே நோக்குக, வேண்டாதவற்றை எடுத்துவிடுக.