பீப்பாய்த் தண்ணீரில் நடப்பது என்ன?

மண்சரிவுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியேறுவது பதுளை மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. மடுல்சீமை மலைகளிலும் மழை கனத்தால் அந்த நினைவோடுதான் இரவைக் கழிக்கின்றோம்.

இடம்பெயர்ந்த குடும்பம் முதலில் தேடுவது கூரை; அடுத்துத் தண்ணீர். பீலியில் ஓடும் தண்ணீருக்குப் பழகிய நாம், கொட்டில் வாழ்க்கையில் பீப்பாயிலும் வாளியிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு நுளம்பு விரும்புவது சாக்கடையை அல்ல, இந்தத் தேங்கிய நல்ல தண்ணீரைத்தான். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 186,101 டெங்கு நோயாளர் பதிவாயினர். 400 இற்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

"கிழமைக்கு ஒரு தரம் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள்" என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர் சொல்கிறார். ஏன் கிழமைக்கு ஒரு தரம்? ஊற்றிவிட்டால் போதாதா, ஏன் தேய்க்க வேண்டும்? இதற்கான விடை நுளம்பின் உடலுக்குள் இருக்கிறது. அதையே இவ்விதழில் படிப்போம்.

பெரட்டுக்களமும் பரம்பரையலகும்

ஒவ்வோர் உயிரின் கலத்துக்குள்ளும் அதன் உடலை அமைப்பதற்கான கட்டளைகள் இருக்கின்றன. இவையே பரம்பரையலகுகள். டெங்கு நுளம்பின் பரம்பரையலகுத் தொகுதி முழுவதையும் விஞ்ஞானிகள் 2007 இல் வாசித்து வெளியிட்டனர். அதில் ஏறத்தாழ 15,000 பரம்பரையலகுகள் காணப்பட்டன.

தோட்டத்தில் செக்ரோலில் பெயர் உள்ள எல்லாரும் எல்லா நாளும் எல்லா வேலையும் செய்வதில்லை. காலைப் பெரட்டில் "இன்று நீங்கள் கொழுந்து, நீங்கள் கவ்வாத்து" என்று பிரித்து அனுப்புகிறார்கள். நுளம்பின் உடலிலும் அப்படித்தான். முட்டையிலிருந்து சாகும்வரை அதே 15,000 பரம்பரையலகுகள்தாம். ஆனால் ஒவ்வொரு பருவத்திலும் வெவ்வேறு கூட்டம் வேலைக்கு இறங்குகிறது, மற்றவை ஓய்ந்திருக்கின்றன. யார் இறங்குவது, யார் நிற்பது என்ற கட்டளையை உடலுக்குள் கொண்டு செல்பவற்றில் முக்கியமானவை ஓமோன்கள்.

நான்கு பருவங்கள்

முட்டை: டெங்கு நுளம்பு முட்டையைத் தண்ணீரின் மேலல்ல, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில் ஒட்டுகிறது. முட்டைக்குள் சில பரம்பரையலகுகள் விழித்து, கருவைச் சுற்றி உறுதியான உறை ஒன்றை அமைக்கின்றன. அதன் பின் தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக் கணக்கில் உயிரோடு காத்திருக்கும். தேய்க்க வேண்டியதன் காரணம் இதுவே.

குடம்பி: தண்ணீரில் நெளியும் புழு. நான்கு கட்டங்களாக வளர்ந்து, ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் தோல் கழற்றும். ஓர் ஓமோன் "தோலைக் கழற்று" என்கிறது. இளமை ஓமோன் என்னும் மற்றொன்று "இன்னும் புழுவாகவே இரு" என்று நிறைவுடலிக்கான பரம்பரையலகுகளை அடக்கி வைக்கிறது.

கூட்டுப்புழு: நான்காம் கட்டத்தின் இறுதியில் இளமை ஓமோன் குறைகிறது. அடங்கியிருந்த பரம்பரையலகுகள் எழும்புகின்றன. ஏறத்தாழ இரண்டு நாள் ஒன்றும் உண்ணாமலே புழுவுடல் கலைந்து, சிறகும் காலும் ஊசிவாயும் உருவாகின்றன.

நிறைவுடலி: பறக்கும் நுளம்பு. பெண் நுளம்பு இரத்தம் குடித்த சில மணி நேரத்தில், முட்டைக்கான மஞ்சட்கருப் புரதத்தை ஆக்கும் பரம்பரையலகு வேகமாக வேலை செய்யத் தொடங்குகிறது. இரண்டு நாளளவில் அந்த வேலை ஓய்கிறது. சில நாட்களில் அது மறுபடி ஒரு பாத்திரத்தைத் தேடி வருகிறது.

வெப்பமான இடத்தில், பொரித்த குடம்பி நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் செல்லும். கிழமைக் கணக்கு இங்கிருந்துதான் வந்தது. பறப்பதற்கு முன் நாம் முந்திக்கொள்ள வேண்டும்.

எலஹெர தந்த பாடம்

இந்த ஒழுங்கை இடையில் குழப்பினால் என்ன நடக்கும்? நமது நாட்டிலேயே அதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். எலஹெரப் பகுதியில் மாணிக்கக்கல் அகழ்ந்து கைவிட்ட குழிகளில் நீர் நிறைந்து, மலேரியா நுளம்பு பெருகியது. 1990களில் எட்டுக் கிராமங்களை எடுத்து, அவற்றில் பாதிக் கிராமங்களின் நீர்நிலைகளில் பைரிப்ரொக்சிபென் என்ற மருந்தை இட்டனர். இது இளமை ஓமோனைப் போல நடிக்கும் பொருள். "புழுவாகவே இரு" என்ற கட்டளை ஓயாததால் நிறைவுடலியின் பரம்பரையலகுகள் தம் வேலையைச் செய்ய முடியவில்லை. கூட்டுப்புழுக்கள் பறக்காமலே மடிந்தன. ஒரு தடவை இட்ட மருந்தின் பலன் ஏறத்தாழ ஆறு மாதம் நின்றது. மருந்திட்ட கிராமங்களில் மலேரியாவும் குறைந்தது.

1934-35 இல் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன மலேரியா, மலேரியா அற்ற நாடு என்ற அறிவிப்புக்கு முன் இந்நாட்டு மண்ணில் தொற்றியதாகக் கடைசியாகப் பதிவானது 2012 இல். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. ஆனால் அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளில் பெருகக்கூடிய புதியதொரு மலேரியா நுளம்பினம் மன்னாரில் கண்டுபிடிக்கப்பட்டது. நம் முன்னோர் மலைநாட்டுக்கு நடந்து வந்த வழி மன்னார். வழியில் காய்ச்சலில் விழுந்தோர் எத்தனையோ பேர். ஆகவே காவலைத் தளர்த்த முடியாது.

மலையிலிருந்து இறங்கியோர் கவனத்துக்கு

குளிரில் நுளம்பின் வளர்ச்சி தாமதிக்கும்; வெப்பத்தில் விரையும். மடுல்சீமைக் குளிரில் இரண்டு கிழமைக்கு மேல் எடுக்கக்கூடிய வளர்ச்சி, மகியங்கனை, பிபிலைப் பக்கம் இறங்கினால் ஒரு கிழமையில் முடிந்துவிடலாம். மலையில் நம்மைக் காப்பாற்றிய குளிர் அங்கே உதவிக்கு வராது.

நாம் செய்யக்கூடியவை

1. சுமந்து வந்த தண்ணீரைக் கொட்ட மனம் வராது என்பது எமக்குத் தெரியும். கொட்ட வேண்டாம். கிழமையில் ஒரு நாளைக் குறித்து, தண்ணீரைத் துணியால் வடித்து வேறு பாத்திரத்துக்கு மாற்றுங்கள். துணியில் தங்கிய புழுக்களை வெயிலில் காய்ந்த தரையில் உதறுங்கள்.

2. வெறுமையான பீப்பாயின் உட்சுவரைத் தேங்காய்ப் பொச்சினால் நன்றாகத் தேய்த்துக் கழுவிய பின் தண்ணீரை மீண்டும் ஊற்றுங்கள். வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள்.

3. கூரைத் தறப்பாளின் மடிப்பு, பழைய டயர், சிரட்டை, அரைகுறையாக நிற்கும் வீட்டு அத்திவாரக் குழி ஆகியவற்றில் நீர் தேங்க விடாதீர்கள். விட்டுவந்த வீட்டுக்குப் பகலில் தோட்டம் பார்க்கப் போகிறவர்கள் அங்குள்ள பாத்திரங்களையும் கவிழ்த்துவிட்டு வாருங்கள்.

4. மேலே சொன்ன மருந்தைச் சுகாதாரப் பகுதியினரே அளவறிந்து இட வேண்டும். பயிருக்கு அடிக்கும் மருந்தை ஒருபோதும் தண்ணீரில் கலக்காதீர்கள்.

5. காய்ச்சல் கண்டால் பரசிற்றமோல் மட்டும் அளவோடு கொடுத்து வைத்தியரிடம் செல்லுங்கள். அஸ்பிரின், புருபென் ஆகியவை இரத்தக் கசிவைக் கூட்டும்.

குழுவாகப் பேசுவோம்

நமது குடியிருப்பில் எத்தனை பீப்பாய்கள் மூடியின்றி இருக்கின்றன? எல்லாக் குடும்பங்களும் ஒரே நாளில் தேய்த்துக் கழுவ எந்த நாள் வசதி? வேலைக்குப் போகும் தாய்மாரின் பீப்பாய்களையும் முதியோரின் பீப்பாய்களையும் யார் கழுவிக் கொடுப்பது?

ஒரு வீட்டுப் பீப்பாயில் பிறக்கும் நுளம்பு அடுத்த வீட்டுப் பிள்ளையையும் கடிக்கும். ஆகவே அயலவரின் பீப்பாயும் நமது பொறுப்பே.