பொருளாதார ராஜதந்திரத்தில் தனியார் துறை: மருந்து விலை தரும் பாடம்

அயல்நாடுகளுடன் வர்த்தகம் குறித்துப் பேசுவது அரசின் பணி. சரக்கை உற்பத்தி செய்து அனுப்புவது தனியாரின் பணி என்று பிரித்துக் காண்பது வழக்கம். வளரும் நாடுகளின் அனுபவத்தில் இப்பிரிவினை அத்தனை தெளிவானதன்று. எய்ட்ஸ் மருந்துகளின் விலை குறித்து 2001-ஆம் ஆண்டில் நிகழ்ந்தவை இதற்குத் தக்க சான்றாகும்.

மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சைக்கு மேலைநாடுகளில் நோயாளி ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு 10,000 டாலருக்கு மேல் செலவாகி வந்த காலம் அது. ஆப்பிரிக்காவில் இலட்சக்கணக்கானோர் மருந்தின்றி மாண்டு கொண்டிருந்தனர். அவ்வாண்டு பிப்ரவரியில் மும்பையின் சிப்லா நிறுவனம் இச்சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்கு 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கும், 600 டாலருக்கு அரசுகளுக்கும் வழங்க முன்வந்தது. மருந்து விலை இதற்குமேல் இறங்க வழியில்லை என்ற வாதம் அன்றே வலுவிழந்தது.

மலிவான மருந்துகளைப் பெற வழிசெய்யும் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து, தென்னாப்பிரிக்க அரசின்மீது 39 மருந்து நிறுவனங்கள் தொடுத்திருந்த வழக்கு ஏப்ரலில் கைவிடப்பட்டது. இதற்கு மக்கள் இயக்கமும் உலகெங்கும் எழுந்த கண்டனமுமே முதற்காரணம். எனினும், மாற்று விலை ஒன்று கண்முன் இருந்தது அக்குரலுக்கு வலிமை சேர்த்தது. நவம்பரில் உலக வர்த்தக அமைப்பின் தோஹா மாநாட்டில் ஆப்பிரிக்க நாடுகளும் பிரேசிலும் இந்தியாவும் இணைந்து வாதாடின. பொதுச் சுகாதாரத்தைக் காக்கக் கட்டாய உரிமம் வழங்கும் உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் உண்டு என்பதை மாநாட்டுப் பிரகடனம் உறுதிசெய்தது. ஒரு விலைப்பட்டியலும் ராஜதந்திர ஆவணமாகலாம் போலும்!

ஆனால் அவ்விலை தனியாரின் திறமையால் மட்டும் பிறந்ததன்று. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துகளைப் பொறுத்தவரை தயாரிப்பு முறைக்கே காப்புரிமை அளித்தது; மருந்துப் பொருளுக்கு அளிக்கவில்லை. வெவ்வேறு அயல் நிறுவனங்கள் உரிமை கொண்டாடிய மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையாகச் சேர்க்க முடிந்ததும் இதனாலேயே. அரசு அமைத்த களத்தில் தனியார் துறை வளர்ந்தது; அவ்வளர்ச்சி பின்னர் அரசுப் பேச்சாளர்களுக்கே துணை நின்றது.

இத்துணையை நிலையானதெனக் கொள்வதற்கில்லை. 2005 ஜனவரி முதல் இந்தியாவிலும் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்கப்படுகிறது. நிறுவனத்தின் நோக்கம் இலாபம். நாட்டின் நலனோடு அது சிலகாலம் ஒத்துச் செல்லும், சிலகாலம் விலகும். 2007-இல் பிரேசில், எஃபாவிரன்ஸ் மருந்துக்குக் கட்டாய உரிமம் பிறப்பித்து இந்தியாவிலிருந்து அதை இறக்குமதி செய்தது. மறு ஆண்டே, இந்தியாவின் முன்னணி மருந்து நிறுவனங்களுள் ஒன்றான ரான்பாக்ஸியின் பெரும்பான்மைப் பங்குகள் ஜப்பானிய நிறுவனமொன்றின் வசமாயின.