சொந்தக்காரனின் லொறி

சங்கானைச் சந்தையிலும் சித்தன்கேணிச் சந்தியிலும் என்னைக் காண்கிற நடுவயதுக்காரர் பலர் இப்போது ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அண்ணை, இந்த வயசில லொறி பழகலாமோ?" பழகலாம். நான் நாற்பத்தெட்டு வயதில் பழகினேன். லைசென்ஸ் எடுப்பதும் கியர் மாற்றுவதும் ஒரு மனிசனால் முடியாத காரியமில்லை. யாருடைய லொறியை, என்ன பேச்சில் ஓடப் போகிறீர்கள் என்பதில்தான் உங்கள் மிச்ச வாழ்க்கையே இருக்கிறது. எனக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அதற்கு முன் யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியில் ஒரு நகைக்கடையில் கணக்கு எழுதினேன். 2022ஆம் ஆண்டு வந்தது. முந்தின வருடக் கடைசியில் லீற்றர் 121 ரூபாயாக இருந்த டீசல் ஜூன் கடைசியில் 460 ரூபாய். பவுண் விலை ஏறி வியாபாரம் படுத்துவிட்டது, என் சம்பளம் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. வட்டுக்கோட்டையிலிருந்து பஸ் வராத நாட்களில் சைக்கிளில் போய் வந்தேன். வாகன இறக்குமதி 2020 மார்ச்சிலிருந்து நின்றுபோனதால் ஊரில் ஓடக்கூடிய நிலையில் லொறி வைத்திருந்தவர்களுக்கு நல்ல கிராக்கி. ஓடத் தெரிந்த பொடியன்களோ வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் படிக்கிற வீட்டில் நான் வேறு எதைத் தெரிவுசெய்திருக்க வேண்டும்?

ஒரு கலியாண வீட்டில் பந்தியில் இருக்கும்போது மைத்துனர் ஒருவர் எல்லாருக்கும் கேட்கக்கூடியதாக, "கணக்கப்பிள்ளை இப்ப றைவராப் போறார்" என்றார். அவருடைய தமையன்மார் ரொறன்ரோவில் ட்ரக்தான் ஓடுகிறார்கள். அவர்கள் அனுப்பிய காசில்தான் அவர் வீட்டுக்கு மேல்மாடி எழும்பியது. அங்கே ஓடினால் பெருமை, ஏ9 வீதியில் ஓடினால் இழிவு என்ற கணக்கு எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

லைசென்ஸ் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 3,500 கிலோவுக்கு மேல் 17,000 கிலோ வரையான லொறிக்கு சி1 வகுப்பு, அதற்கு மேல் சி. எல்ஃப், கன்ரர் போன்ற லொறிகள் ஓட சி1 போதும். தேசிய போக்குவரத்து வைத்திய நிறுவகத்தில் மெடிக்கல் எடுக்க வேண்டும், பிறகு எழுத்துப் பரீட்சை, ட்ரயல். அவ்வளவுதான்.

ஆனால் ட்ரயல் பாஸ் பண்ணியவன் றைவர் இல்லை. ஒன்ராறியோவில் 2017 ஜூலையிலிருந்து பெரிய ட்ரக் லைசென்ஸுக்குப் போகிறவர் குறைந்தது 103.5 மணித்தியாலம் பயிற்சி எடுத்தே ஆகவேண்டும். பாரம் கட்டுவது, பிறேக்கைப் பரிசோதிப்பது எல்லாம் அதற்குள் வரும். நமக்கு அப்படி ஒன்றுமில்லை. எனக்குப் பழக்கியவர் அராலியில் இருக்கிற ஒரு பழைய றைவர். 2002இல் ஏ9 பாதை திறந்ததிலிருந்து 2006 ஆகஸ்ட்டில் மூடும்வரை முகமாலை, ஓமந்தைச் சோதனைச்சாவடிகளில் வரிசையில் கிடந்து பாரம் கொண்டுவந்தவர். அவர் காசு வாங்கவில்லை. அவர் காட்டித் தந்த ஒரு பழக்கத்தை இன்றும் விடவில்லை. லொறி நிற்கிற ஒவ்வொரு இடத்திலும் இறங்கி, சில்லுகளின் நடுவில் இருக்கிற ஹப்பில் புறங்கையை வைத்துப் பார்ப்பேன். நாலு ஹப்பும் ஒரே சூடாக இருக்கவேண்டும். ஒன்று மட்டும் கை வைக்க முடியாமல் சுட்டால் பெயாரிங் போகிறது அல்லது பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் எல்லாரும் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்குகிற நேரத்தில் நான் சில்லைச் சுற்றி வருவதைக் கிளீனர் பொடியன் முதலில் விசித்திரமாகப் பார்த்தான். இப்போது அவனே முன்னால் இறங்கிக் கை வைக்கிறான்.

இனி முக்கியமான விஷயம்.

நாற்பத்தெட்டு வயதுப் புது றைவரை நம்பி யாரும் லொறி தரமாட்டார்கள். தந்தவர் என் சொந்தக்காரர். அந்த நன்றிக்காகவே நான் வாய் திறக்கவில்லை. அவரும் சொன்னார், "எங்களுக்குள்ள என்ன எழுத்து? ஒரு நடைக்கு இவ்வளவு எண்டு தாறன், நீயும் உன்ர லொறி மாதிரிப் பார்." நாட்டில் அந்த நேரம் எல்லாரும் சொந்தத்தை நம்பித்தான் உயிர் பிழைத்தோம். அவரைச் சந்தேகித்திருந்தால்தான் நான் கெட்டவன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். போக வெங்காயமும் பீட்ரூட்டும், வரும்போது பாலாவியில் சீமெந்து அல்லது கொழும்பில் பலசரக்கு. காசு ஒழுங்காகத்தான் வந்தது.

ஒரு இரவு கனகராயன்குளம் தாண்டி வரும்போது கட்டாக்காலி மாடுகள் தாரில் படுத்திருந்தன. மழைக்குப் பிறகு தார் சூடாக இருக்கும், மாடுகள் அதைத் தேடித்தான் வரும். கறுத்த மாடு, கறுத்த ரோட்டு, எதிரே பஸ்ஸின் ஹைபீம். ஒன்றை அடித்துவிட்டேன். ரேடியேற்றர் உடைந்தது, முன் லைற் போனது. அந்தத் திருத்தக் காசு முழுவதையும் மாதம் மாதம் என் நடைக்காசில் வெட்டினார். அதையும் பொறுத்தேன். பிறகு ஒருநாள் ஊழியர் சேமலாப நிதியைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் சொன்ன பதில்தான் நெஞ்சில் கிடக்கிறது. "நீ என்ன எனக்கு வேலையாளே? நடைக்குக் காசு வாங்கிறவன் பங்குக்காரன்."

ரேடியேற்றர் உடைந்தால் பங்குக்காரனாவது முழுக்காசில் பாதிதான் கட்டுவான். நான் முழுவதும் கட்டினேன்.

நகைக்கடையில் இருந்த காலம் முழுவதும் மாதம் மாதம் மற்றவர்களுக்காக சி படிவம் நிரப்பி அனுப்பியவன் நான். ஊழியரிடமிருந்து 8 வீதம், முதலாளி 12 வீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். சேமலாப நிதிக்கு 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். ஒரேயொரு ஆள் வேலை செய்தாலும் கட்டவேண்டும். மாதச் சம்பளமோ, நாட்கூலியோ, துண்டுக் கணக்கோ, தற்காலிகமோ, எல்லாம் அதற்குள் அடக்கம். நடைக்குக் காசு வாங்குகிற றைவரும் அடக்கம். லொறி அவருடையது, பாரத்தைப் பேசுவது அவர், எங்கே எப்போது போகவேண்டும் என்று சொல்வது அவர். நான் எப்படிப் பங்குக்காரனாவேன்?

தொழில் திணைக்களத்துக்குப் போனேன். அங்கே என்னைக் காப்பாற்றியது பிள்ளை எழுதி மிச்சம் விட்ட ஒரு கொப்பி. மாடு அடிபட்டதற்குப் பிறகு, காசு வெட்டத் தொடங்கியபோது, கணக்கு எழுதிய கை சும்மா இருக்கவில்லை. திகதி, ஏற்றிய சாமான், எத்தனை அந்தர், எங்கே இறக்கினேன், யார் பொறுப்பெடுத்துக் கையெழுத்து வைத்தார், கைக்கு வந்தது எவ்வளவு, வெட்டியது எவ்வளவு. டெலிவரி துண்டுகளை அதே பக்கத்தில் பின் அடித்து, சீற்றுக்குப் பின்னால் வைத்திருந்தேன். விசாரணையில் அந்தக் கொப்பிக்கு எதிராக அவரால் ஒன்றும் காட்ட முடியவில்லை. பிந்திக் கட்டுகிற முதலாளிக்கு மேலதிகக் கட்டணம் 50 வீதம் வரை போகும் என்று தெரிந்ததும் வழிக்கு வந்தார். ஆனால் கொப்பி தொடங்குவதற்கு முன் ஓடிய காலத்துக்கு ஒரு சதமும் வரவில்லை. மழை, வெயில், ஆனையிறவு உப்புக்காற்று எல்லாவற்றிலும் ஓடிய அந்த நடைகளுக்கு இந்த உலகத்தில் சாட்சி இல்லை.

ஆகவே முதல் நடைக்கே கொப்பி வாங்குங்கள். லொறி எடுக்குமுன் ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள்: நடைக்கு எவ்வளவு, ரயர் வெடித்தால் யார், விபத்தென்றால் யார், அதிக பாரம் ஏற்றிப் பொலிஸ் தண்டம் போட்டால் யார், சேமலாப நிதி எப்போது தொடங்கும். சொந்தக்காரர் என்றால் கட்டாயம் எழுதுங்கள். அந்நியனிடம் கேட்க வெட்கமில்லை, சொந்தத்திடம்தான் வாய் வராது. எழுத மறுக்கிறவரின் லொறியில் ஏறவேண்டாம், அது புது எல்ஃப் என்றாலும் வேண்டாம்.

லீசிங்கில் சொந்த லொறி எடுத்தால் இந்தத் தொல்லை இல்லையே என்பார்கள். யுத்தம் முடிந்தபின் யாழ்ப்பாணத்தில் லீசிங் எடுத்து வாகனத்தைப் பறிகொடுத்த குடும்பங்களை எல்லாரும் அறிவோம். திரும்புகிற வழிக்குப் பாரம் நிச்சயமில்லாதவன் லீசிங் பக்கமே போகக்கூடாது. கொழும்பிலிருந்து வெறுமனே வருகிற நானூறு கிலோமீற்றருக்கும் டீசல் எரியும்.

சிங்களம் பழகுங்கள். மதவாச்சிக்கு அப்பால் உங்கள் பக்க நியாயத்தை நீங்களேதான் சொல்லவேண்டும். இரவில் கண் கூசத் தொடங்கினால் மறைக்கவேண்டாம், கண்ணாடி போடுங்கள். கனரக லைசென்ஸ் நாலு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது, அப்போது எப்படியும் பிடிபடும்.

இப்போது நான் ஓடுவது மானிப்பாய்க்காரர் ஒருவரின் கன்ரர். தாளை நீட்டினபோது வாசித்துப் பார்த்து, தண்டம் பற்றிய வரியில் ஒரு திருத்தம் கேட்டார். நியாயமான திருத்தம், ஒத்துக்கொண்டேன். பழைய முதலாளி என் வீட்டுப் படலையால் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார். ஊரில் சிலர் சொந்தத்தைக் கந்தோருக்கு இழுத்தவன் என்று என்னைச் சொல்கிறார்கள். அவர்களில் இரண்டு பேர், தங்கள் பிள்ளைகள் லொறிக்குப் போக, அந்தத் தாளின் பிரதியை என்னிடம் வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். கேட்கிற எவருக்கும் கொடுப்பேன்.